காரின் ஆயில் சம்புக்கு சம்ப் கார்டு: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும் எழும் கேள்விகள்

சம்ப் என்பது எது? அது மட்டும் ஏன் அடிபடுகிறது?

இன்ஜினின் அடியில் தொட்டி போல இருக்கும் பாகம்தான் ஆயில் சம்ப். இன்ஜின் ஆயில் முழுவதும் கீழே இறங்கி அதில்தான் சேரும். சிறிய பெட்ரோல் கார்களில் மூன்று முதல் நான்கு லிட்டர், டீசல் கார்களில் அதற்கு மேல். அங்கிருந்து ஆயில் பம்ப் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. ஆயில் கீழே வடிந்தாக வேண்டும் என்பதால் சம்ப் இன்ஜினின் ஆகத் தாழ்வான இடத்தில் இருந்தே தீரும். முன் சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ரோட்டில் கிடக்கும் கல், தூக்கி நிற்கும் மேன்ஹோல் மூடி, பார்க்கிங் கட்டை எல்லாம் முதலில் சந்திப்பதும் அதைத்தான். அந்த அடியைத் தாங்க சம்புக்குக் கீழே மாட்டும் கவசத் தகடுதான் சம்ப் கார்டு.

சில கார்களில் சம்ப் ஸ்டீல் தகட்டை அழுத்தி எடுத்தது. அடி விழுந்தால் ஒடுங்கும். சிலவற்றில் வார்ப்பு அலுமினியம். அது ஒடுங்காது, விரிசல் விடும். மேல் பாதி அலுமினியம், கீழ்ப் பாதி ஸ்டீல் என்று இரண்டு துண்டாக வரும் இன்ஜின்களும் நிறைய உண்டு. உங்கள் காரில் எது என்று அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் அதைப் பொறுத்து மாறும்.

கம்பெனியிலிருந்தே அடியில் ஒரு கருப்பு கவர் வருகிறதே, அது போதாதா?

அது பிளாஸ்டிக் அண்டர் கவர். சேறும் தண்ணீரும் பெல்ட் பக்கம் தெறிக்காமல் இருக்கவும், காற்று ஒழுங்காக ஓடவும் வைத்தது. கல்லின் அடியைத் தாங்குவது அதன் வேலையே கிடையாது. கையால் அழுத்தினாலே வளையும்.

என் காருக்கு சம்ப் கார்டு அவசியம்தானா?

எல்லாருக்கும் அவசியம் இல்லை. வீட்டிலிருந்து ஆபீஸ், மாதம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் ஊருக்கு என்று ஓடும் வண்டிக்கு அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

தேவை எங்கே வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வட்ட முதுகு வேகத்தடைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி என்று சொல்கிறது. மாருதி ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். அந்த நீளம் விதிப்படியான மேட்டின் மீது ஏறி நிற்கும்போது, மேட்டின் உச்சி இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே துருத்துவது நாலரை சென்டிமீட்டர்கூட வராது. எந்தக் காரும் அதில் தட்டாது.

ஆனால் நம் ஊர்களில் சிமென்ட் கலவையைக் கொட்டிப் போட்ட மேடு அரை மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அது முழுசாக அடங்கிவிடும், அதனால் அந்த 15 சென்டிமீட்டரும் அப்படியே வண்டியின் அடிக்கு வரும். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 163 மில்லிமீட்டர். ஆள் இல்லாத வண்டியின் அளவு அது. ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் முன்பக்கம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தாழும், பின்பக்கம் இன்னும் கூடுதலாக. கையில் மிஞ்சுவது 138 மில்லிமீட்டர், தாண்ட வேண்டியது 150. கிளியரன்ஸ் 165 இருந்தாலும் இதே கதைதான். 226 மில்லிமீட்டர் உள்ள மஹிந்திரா தார் வண்டி வைத்திருப்பவருக்கு இந்த மேடு பொருட்டே இல்லை. அவருக்குக் கவலை காட்டுப்பாதையின் பாறைகள்.

ஆக, தோட்டம், கல் குவாரி, செங்கல் சூளை, வனத்துறைப் பாதை என்று தார் போடாத வழியில் வாரம் தவறாமல் போகிறவர், நிறைய ஆட்களை ஏற்றி ஓட்டும் டாக்ஸிக்காரர், தாழ்வான செடான் வைத்துக்கொண்டு கிராமத்துக்குள் குடியிருப்பவர் ஆகியோருக்கு இது அவசியம். மலை என்றாலே கார்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தார் ரோடு இருக்கிறது, அங்கே சம்ப் அடிபடுவதில்லை. மேலே போய் அருவிக்கோ தோட்டத்துக்கோ மண் பாதையில் இறங்கும்போதுதான் அடிபடும். சென்னைக்காரர்களுக்கு வேறு ஒரு தொல்லை. ரோட்டை மில்லிங் செய்து சுரண்டிவிட்டு மறு தார் போடும்வரை மேன்ஹோல் மூடிகள் தலை தூக்கி நிற்கும். இரவில் அவை கண்ணுக்கே தெரியாது.

கீழே பலமாகத் தட்டியது. பார்த்தால் ஆயில் ஒழுகவில்லை. தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

சம்பின் உள்ளே, அடித்தகட்டுக்குச் சற்று மேலே ஒரு வலைத்தலை இருக்கும். ஸ்ட்ரெய்னர் என்பார்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சுவது அதன் வழியாகத்தான். அதற்கும் சம்பின் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், பல இன்ஜின்களில் அதைவிடக் குறைவு. ஸ்டீல் சம்ப் சரியாக அந்த இடத்தில் மேல்நோக்கி ஒடுங்கினால் வலைத்தலையின் வாய் அடைபடும். ஒரு சொட்டுகூட வெளியே வராது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் சரியாக இருக்கிற மாதிரிதான் காட்டும். ஆனால் பம்புக்குப் போதுமான ஆயில் கிடைக்காது.

பட்டறையில் கழற்றி வைத்திருந்த ஒரு சம்பை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே கட்டைவிரல் பதித்தது போன்ற ஒரு குழி, அவ்வளவுதான். உள்ளே திருப்பினால் அந்தக் குழியின் உச்சியில் தகடு பளபளவென்று தேய்ந்திருந்தது, வலைத்தலையின் விளிம்பு அதில் உட்கார்ந்திருந்த வட்டம் அப்படியே தெரிந்தது. அந்த வண்டி நகரத்துக்குள் மெதுவாக ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. ஹைவேயில் ஏறி ஆர்பிஎம் கூடியபோது பம்ப் கேட்ட அளவுக்கு ஆயில் வரவில்லை, கிராங்க் பேரிங் போய்விட்டது.

எனவே அடி பலமாக விழுந்திருந்தால், கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குழி ஆழமாக இருந்தால் சம்பை இறக்கி உள்ளே பார்ப்பதுதான் வழி. ஒரு சிறிய காரின் ஸ்டீல் சம்பை மாற்றுவது சில ஆயிரம் ரூபாய் வேலை. இன்ஜின் பிடித்துக்கொண்டால் லட்சத்தில் பேச வேண்டியிருக்கும்.

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு இருக்கிறதே, அது எச்சரிக்காதா?

சிவப்பு எண்ணெய்க்குடுவை விளக்கு காட்டுவது அழுத்தத்தை. எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். அது எரிந்துவிட்டால் அடுத்த பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள்.

ஸ்டீல் வாங்குவதா, அலுமினியமா?

கல் பாதைக்காரருக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கு. விலைதான் அதிகம்.

80க்கு 60 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் ஸ்டீல் என்றால் எடை ஏழரை கிலோ, 3 மில்லிமீட்டர் என்றால் பதினொன்றுக்கு மேல். அதே அளவில் 4 மில்லிமீட்டர் அலுமினியம் ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகம்தான். தடிமனாக இருப்பதால் வளையாமல் விறைப்பாக நிற்கும், துருப்பிடிக்காது, கல்லின் மேல் சறுக்கிப் போகும். ராலிக்காரர்கள் பெரும்பாலும் தடித்த அலுமினியத்தையே அடியில் கட்டுகிறார்கள்.

ஸ்டீலுக்கும் நியாயம் உண்டு. மலிவு, வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், எந்த ஊர்ப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். வேகத்தடையும் பார்க்கிங் கட்டையும் மட்டுமே பிரச்சினை என்றால் 2 மில்லிமீட்டர் ஸ்டீல் போதும். ஒரே நிபந்தனை, பெயின்ட் தரமாக இருக்க வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெறும் பெயின்ட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே துத்தநாக முலாம் பூசிய தகடு கேட்டு வாங்குங்கள்.

அலுமினியத் தகட்டில் ஸ்டீல் போல்ட் நேரடியாக உட்கார்ந்தால், ஈரமும் உப்பும் சேரும்போது தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷரோ ரப்பர் புஷ்ஷோ வையுங்கள். கண்ணாடிநார் கார்டுகளும் கிடைக்கின்றன. எடை குறைவு, ஆனால் கூரான பாறைக்கு அவற்றை நான் நம்ப மாட்டேன்.

எதில் மாட்ட வேண்டும்? பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டிச் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். நல்ல லேத் பட்டறைக்காரர் கம்பெனி கார்டைவிட உறுதியாகவே செய்து தருவார். ஆனால் எங்கே போல்ட் போடுகிறார் என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கார்டின் பின்பக்கம் சப்ஃபிரேமில் பிடிக்க வேண்டும், முன்பக்கம் கிராஸ் மெம்பரில். இவை இரண்டும் வண்டியின் எலும்புகள். கம்பெனி போட்டுவைத்த த்ரெட் ஓட்டைகள் அங்கே பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய பட்டையில் மாட்டினால், அடி விழும்போது ரேடியேட்டரும் சேர்ந்து பின்னே வரும். சம்ப் போல்ட்டிலேயே தகட்டைத் தொங்கவிடுவது அதைவிட மோசம். எதைக் காப்பாற்றப் போட்டோமோ அடி நேராக அதற்கே போகும். சேஸியில் வெல்டிங் வைக்கவோ புது ஓட்டை போடவோ விடாதீர்கள்.

அடுத்தது இடைவெளி. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் கியர் மாற்றும்போதும் அது ஆடும். தகடும் அடி வாங்கும்போது சற்று மேலே வளையும். இரண்டுக்கும் சேர்த்து சம்புக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டராவது விட வேண்டும். ஒட்டி மாட்டிய கார்டு கல்லின் அடியை அப்படியே சம்புக்குக் கடத்திவிடும்.

முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அது மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். நேராக நீட்டிக்கொண்டிருந்தால் மண்ணை வாரும், மேட்டில் குத்தி நிற்கும். போல்ட் தலைகளும் தகட்டின் குழிக்குள் பதிந்திருக்க வேண்டும். வெளியே துருத்தும் தலையை ஒரு கல் சீவிவிட்டால் பிறகு அதைக் கழற்ற எந்த ஸ்பானரும் பிடிக்காது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். புது ரப்பர் புஷ் அமுங்கி போல்ட் தளர்ந்திருக்கும்.

கார்டு போட்டால் கிளியரன்ஸ் குறைந்துவிடாதா?

குறையும். சம்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, தகட்டின் தடிமன் என்று சேர்த்தால் அந்த இடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் போகும். சம்பைவிட சப்ஃபிரேமோ சைலன்ஸர் குழாயோ தாழ்வாக இருக்கும் கார்களில் இழப்பு அவ்வளவு தெரியாது. முன்பு உரசாமல் கடந்த மேட்டில் இனி லேசாக உரசும். உரசுவது தகடு என்பதால் பயப்பட ஒன்றுமில்லை.

இன்ஜின் சூடு ஏறுமா?

ரேடியேட்டர் வழியாக வந்த சூடான காற்று இன்ஜினின் கீழேயும் பின்னேயும் வெளியேற வேண்டும். ஓட்டையே இல்லாத முழுத்தகடு அந்த வழியை ஓரளவு அடைக்கும். நீள்வாக்கில் காற்றுத்துளை வெட்டிய கார்டாகப் பார்த்து வாங்கினால் சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் நகராது. சம்பையும் சேர்த்து, சைலன்ஸர் குழாய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரை நீண்டு மூடும் தகட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ரோட்டில் கதிர் காயப்போட்ட இடங்களில் ஓட்டுகிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பி வண்டிகளை மிதிக்க விடுவார்கள். கொள்ளுக்கொடி நீளமானது. ஆக்ஸிலில் சுற்றும், கார்டின் மேல்பக்கம் போய்ச் சேரும். பக்கத்திலேயே பல நூறு டிகிரி சூட்டில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. காய்ந்த சருகு அங்கே பட்டால் தீப்பிடிக்கும். கார்டு இல்லாத வண்டியில் பாதி கீழே உதிர்ந்துவிடும், கார்டு அதைத் தாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். முடிந்தால் சுற்றுப்பாதையில் போங்கள். போக நேர்ந்தால் கடந்ததும் நிறுத்திக் குனிந்து பார்த்து, இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். புகை வாசனை வந்தால் ஆட்களை முதலில் இறக்குங்கள்.

ஆயில் மாற்றும்போது தொல்லையா?

டிரெயின் போல்ட்டுக்கும் ஃபில்டருக்கும் நேராகத் துளை இருந்தால் கார்டைக் கழற்றாமலே வேலை முடியும். ஆனாலும் வருடம் ஒருமுறையாவது கழற்றச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு காரணம். மேலே சேறும் சரளையும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம்.

கார்டு கசிவை மறைக்கும். கார்டு இல்லாத வண்டி சொட்டினால் காலையில் பார்க்கிங் தரையில் கறை தெரியும். கார்டு இருந்தால் ஆயில் தகட்டின் மேல் தேங்கி, ஓடும்போது காற்றில் சிதறிப் போகும், உங்கள் கண்ணுக்கே வராது. ஆகவே கார்டு போட்டவர் மற்றவர்களைவிட அடிக்கடி டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் விட்டு, வாரம் ஒருமுறை. கவசம் போட்டாயிற்று என்று நிம்மதியாகி டிப்ஸ்டிக்கை மறந்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகம் பயப்படும் ஆபத்து.

விபத்தில் கார்டு ஆபத்தாகுமா? சட்டப் பிரச்சினை உண்டா?

நேருக்கு நேர் மோதலில் வண்டியின் முன்பகுதி கணக்காக நசுங்கும்படி வடிவமைத்திருப்பார்கள். ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் இன்ஜின் வராமல் கீழே இறங்கும்படி செய்த கார்களும் உண்டு. பம்பரிலிருந்து பின்னே வரை மடியவே மடியாத ஒரே தடித்த தகடு அதற்குக் குறுக்கே நிற்கும். நல்ல தயாரிப்புகளில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு இருக்கும். அடி பலமானால் அந்த இடத்தில் மடியும்.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி பம்பருக்கு முன்னே பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் வகைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளுக்கும் ஏர்பேக் வேலைக்கும் அவை ஆபத்து. வண்டிக்கு அடியில் இருக்கும் கார்டு பம்பரைத் தாண்டி நீட்டக் கூடாது, பம்பரில் மாட்டவும் கூடாது. உங்கள் கம்பெனியின் அக்சசரி பட்டியலில் கார்டு இருந்தால் அதையே வாங்குங்கள். வாரண்டி பேச்சு அத்தோடு முடியும்.

சம்ப் உடைந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சொந்தச் சேதப் பாலிசியில் கல் அடித்து உடைந்த சம்புக்கு உண்டு. ஆயில் போன பிறகும் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், அது அடியால் நேரடியாக வந்த சேதம் ஆகாது, தொடர் சேதம் என்று சொல்லி சாதாரணப் பாலிசி விலக்கிவிடும். அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற தனி இணைப்பு வேண்டும். அது இருந்தாலும் நிறுத்தாமல் ஓட்டியதற்குக் கேள்வி வரும். அடிபட்ட இடத்திலேயே ஆயில் கறையோடு போட்டோ எடுத்துவைத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

நடுவழியில் ஆயில் ஒழுகுகிறது. என்ன செய்வது?

இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். கருப்பாகவோ பழுப்பாகவோ வழுக்கினால் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி. ஊசி விரிசல் என்றால் ஆறவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்து, எம்-சீல் பிசைந்து அழுத்தி, முழுதாக இறுகியபின் ஆயில் ஊற்றி அருகிலுள்ள பட்டறை வரை மெதுவாகப் போகலாம். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் ஒட்டாது. சூடான சம்பின் பக்கம் பெட்ரோலைக் கொண்டுபோகாதீர்கள். விரல் நுழையும் ஓட்டை என்றால் எதுவும் முயல வேண்டாம், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓட்டும் விதத்தில் தவிர்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் மிதித்தபடி ஏறினால் மூக்கு தாழ்ந்து சம்ப் இன்னும் கீழே போகும். ரோட்டில் கல் கிடந்து ஒதுங்க இடமில்லை என்றால், அதை இரண்டு டயருக்கும் நடுவே விடாதீர்கள். மெதுவாக ஒரு டயரை அதன்மேல் ஏற்றிக் கடந்தால் வண்டியே உயர்ந்து கொடுக்கும்.

எலெக்ட்ரிக் காருக்கு?

சம்பே கிடையாது. அடியில் இருப்பது பேட்டரி, அதற்குக் கம்பெனியின் தகடு இருக்கும். அங்கே வெளிப் பட்டறையில் ஓட்டை போடுவதோ தகடு பிடிப்பதோ கூடவே கூடாது.

பழைய கார் பார்க்கிறேன், சம்ப் கார்டு போட்டிருக்கிறது. நல்ல அறிகுறியா?

அந்த வண்டி எந்த மாதிரிப் பாதையில் ஓடியது என்பதற்கான அறிகுறி. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கார்டைக் கழற்றச் சொல்லுங்கள். கார்டில் கீறல் இருந்தால் பரவாயில்லை, அதற்குத்தான் போட்டது. சம்பில் குழி இருக்கிறதா, ஆர்கான் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, கார்டின் மேல்பக்கம் பழைய ஆயில் பசை காய்ந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.